நாலு ஏசியும் சேரம்பாடி அக்காவும்

சேரம்பாடி அக்கா யாரிடமும் 'மாட்டேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. யார் சொன்னபடியும் நடந்து நான் பார்த்ததுமில்லை. எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். முகத்தில் நிஜமான பணிவு இருக்கும். சொன்னவர் திருப்தியாகத் திரும்பிப் போவார். அவர் முதுகு மறைந்ததும் அக்கா போய்த் தனக்குத் தோன்றியதைச் செய்வார்.

நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தது ஊட்டிக்கு வெளியே, தலைக்குந்தா பக்கம் ஒரு காட்டேஜில். நாலே அறைகள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, பாலக்காட்டில் பரோட்டாக் கடை, கொஞ்ச நாள் லாரியில் கிளீனர் என்று சுற்றிவிட்டு, ஒரு மழைக்காலத்தின் முடிவில் மேலே போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். காட்டேஜில் சமையல்காரர் ஓடிப் போயிருந்தார். படுக்க இடமும் சோறும் உண்டு என்றார்கள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா எனக்கு முன்பே அங்கே இருந்தார். தோட்ட வேலை, கூட்டிப் பெருக்குவது, போர்வை துவைப்பது எல்லாம் அவர்தான். சேரம்பாடி பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஆயுசு பூராவும் கொழுந்து பறித்தவர் என்பதால் எல்லோருக்கும் சேரம்பாடி அக்கா. விருந்தாளி யாரோ மறந்துவிட்டுப் போன ஆம்பிளைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொள்வார். அதற்கு மேலே ஸ்வெட்டர். ஸ்வெட்டரை உள்ளே போட்டால்தானே குளிர் தாங்கும் என்று கேட்டேன். "கோட்டு அழுக்காயிரும் தம்பி" என்றார்.

முதலாளி கோயம்புத்தூர்க்காரர். மோட்டார் பம்பு வியாபாரம். எப்போதாவது வருவார், வந்தால் எதையாவது மாற்றச் சொல்வார். ஒருமுறை வாசல் ஓரமெல்லாம் ரோஜா வைக்கச் சொன்னார். அக்கா சரிங்க என்றார். அடுத்த தடவை அவர் வந்தபோது வாசல் ஓரமெல்லாம் பட்டாணி படர்ந்து நின்றது.

"ஏனுங்க, ரோஜா எங்கீங்க?"

"உள்ளாற இருக்குங்க" என்றார் அக்கா. பொய் இல்லை. குச்சி குச்சியாக நாலைந்து ரோஜாச் செடிகள் உள்ளே இருந்தன. பட்டாணிக் கொடி ஏறுவதற்கு வசதியாக இருந்தது. அன்று மத்தியானம் அந்தப் பட்டாணியில்தான் குருமா வைத்தேன். முதலாளி கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டார்.

ஊட்டியில் டாக்டர் ஒருவர் அக்காவை டீயை நிறுத்தச் சொன்னார். கூடப் போனவன் நான். சரிங்க என்று எழுந்து வந்தவர், ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே இருந்த கடையிலேயே ஸ்ட்ராங்காக ஒரு டீ சொன்னார். இப்போதுதானே நிறுத்தச் சொன்னார் என்றேன். அவர்கிட்டதான் சரி என்று சொல்லியாகிவிட்டதே, இன்னும் என்ன என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். தேர்தல் சமயத்தில் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் சரிங்க. எல்லோரும் அவர் ஓட்டு தங்களுக்குத்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டு போனார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்டபோது, எல்லாரும் நல்லா இருக்கணும் தம்பி என்று சொல்லிக்கொண்டே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒருமுறை இந்தச் 'சரிங்க'வைப் பற்றி அவராகவே பேசினார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, விவரம் தெரிகிற வயதில் கப்பலேறி வந்தவர் அவர். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, காலையில் வேலைக்காரர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதைப் பெரட்டு என்பார்.

"பெரட்டுல நின்னு மாட்டேன்னு சொன்னா அன்னைக்கு நம்ம பேரு இல்ல தம்பி. சரின்னா பேரு உண்டு. மலைக்கு ஏறினப்புறம் கை நம்ம கைதானே."

இப்படிப்பட்டவரிடம்தான் முதலாளி நாலு ஏசியைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

ஊட்டியில் ஏசியா என்று மார்க்கெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது சூடு கொடுக்கிற ஏசி. ரிமோட்டில் மாற்றினால் வெயில் காலத்தில் குளிர், குளிர் காலத்தில் சூடு. அறைக்குள் ஒரு பெட்டி, வெளியே தரையோடு ஒரு பெட்டி. வெளிப்பெட்டிதான் காற்றை இழுத்து வேலை செய்யும். மாட்ட வந்தவர் ஊட்டி மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒரு பாய். நல்ல மனிதர், அதிகம் பேசுவார். அக்காவையும் என்னையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். இலை தழை அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடாதபோது மேலே ஏதாவது மூடலாம். ஓடும்போது முன்னாலும் பின்னாலும் காற்று போக இடம் விடவேண்டும். அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது, தண்ணீர் அது வழியாகத்தான் வடியும், அது அடைபடக் கூடாது. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, சரிங்க சரிங்க என்றார். இவ்வளவு கவனமாகக் கேட்டவர்களை நான் பார்த்ததேயில்லை என்று பாய் என்னிடம் சந்தோஷப்பட்டார்.

தலைக்குந்தா பள்ளத்தில் உறைபனி நிற்கும். டிசம்பர் பிறந்தால் விடியும்போது புல் முழுக்க உப்புக் கொட்டியது போல இருக்கும். அந்தப் பனியின்மேல் சட்டென்று வெயில் பட்டால் இலை கருகிவிடும். அதனால் இங்கே ஜனங்கள் சாயந்தரமே தாவை அறுத்து வந்து இளம் தேயிலையையும் பூச்செடியையும் மூடுவார்கள். தாவை என்றால் காட்டோரத்தில் மண்டிக் கிடக்கிற ஒருவகைத் தழை. விடியற்காலையில் சூரியன் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவார்கள். அக்காவுக்கு இது பல் விளக்குவது மாதிரி.

முதல் பனி விழப்போகிற சாயந்தரம், வெளிப்பெட்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். உள்ளே அலுமினியத் தகடுகள் மயிரிழை மாதிரி நெருக்கமாக நின்றன. விரலால் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு மெல்லிசா இருக்கே, ஒரு ராத்திரி தாங்குமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு தாவை அறுக்கப் போனார்.

மறுநாள் விடிந்தபோது நாலு பெட்டிகளும் வரிசையாகத் தாவை உடுத்தி, சாக்கு சுற்றி, கயிறு கட்டி, தெளித்த தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றன. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு அம்மா எழுந்து வெளியே வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நாலையும் கும்பிட்டார். அக்கா தடுக்கவில்லை. அந்த அம்மா போனபிறகு முடிச்சை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

கும்பிட்டுப் பலன் இல்லை. அன்று சாயந்தரம் இரண்டு அறைகளில் சூடு வரவில்லை. உள்பெட்டியில் ஏதோ எழுத்து மினுக்கியது. காலையில் பாய் ஸ்கூட்டரில் வந்து தாவையை எல்லாம் பிய்த்து எறிந்தார். மூக்கையும் வாயையும் கட்டினால் மனுஷன் எப்படி மூச்சு விடுவான் என்று கேட்டார். அக்கா தன் பக்க நியாயத்தைச் சொன்னார். விடியற்காலையில் பெட்டியின் விசிறி திடீரென்று நின்று, பெட்டி முழுக்க வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பியதைத் தன் கண்ணால் பார்த்தாராம். பனி தாக்கித்தானே அப்படி ஆகிறது? இல்லையம்மா, அது தன்மேல் பிடித்த பனியைத் தானே உருக்கிக்கொள்கிறது, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பாய் பொறுமையாக விளக்கினார்.

"சரிங்க" என்றார் அக்கா.

பாய் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். மேலே ஒரு சட்டை மட்டும் போட்டிருந்தார், பல் தந்தியடித்தது. அக்கா ஓசையில்லாமல் பின்னால் போய் ஒரு சாக்கை எடுத்து அவர் முதுகில் போட்டார். பாய் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆனால் சாக்கை எடுக்கவில்லை. வேலை முடிகிறவரை அதோடுதான் இருந்தார்.

செய்தி கோயம்புத்தூருக்குப் போனது. முதலாளி போனில் கூப்பிட்டு, அக்காவும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போடச் சொன்னார். கோபத்திலும் மரியாதை விடாத ஊர்க்காரர் அவர்.

"ஏனுங்க, வர்றவங்களுக்குச் சூடு கிடைக்கறதில்லீங்க. இன்னொருக்கா மிசின் மேல தழை கிடக்கறதைப் பார்த்தனுங்கன்னா, நீங்க ரூமைக் காலி பண்ணிக்க வேண்டியதுதானுங்க. சரிங்களா?"

"சரிங்க."

அந்த ரூம் என்பது விறகுக் கொட்டகையை ஒட்டி இருந்த ஒரு அறை. அதுதான் அக்காவுக்கு வீடு. எஸ்டேட்டில் வேலை முடிந்தால் அவர்கள் கொடுத்த லயத்து வீட்டை விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம். புருஷன் எப்போதோ செத்துப்போனார். மகளைக் கேரளாவில் கொடுத்திருந்தார், அங்கே படுக்கவே முறை வைத்துப் படுக்கிற நெருக்கடி. எனக்கு ரூம் போனால் ஒன்றுமில்லை, பஸ் ஸ்டாண்டில் படுத்துப் பழக்கம். அறுபதைத் தொட்டவர் அந்தப் பனியில் எங்கே போவார்? அது அவருக்கும் தெரியும். சாயந்தரம் ஆனதும் அரிவாளை எடுத்துக்கொண்டார்.

முதலாளி தினமும் இருட்டுவதற்கு முன்னால் வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நாலு பெட்டிகளையும் வரிசையாகக் காட்ட வேண்டும். பெட்டிகள் அம்மணமாக நிற்கும். அக்கா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தாவைக் கட்டோடு குந்தியிருப்பார். போனை நான் பையில் போட்டதும் எழுந்து வருவார். ஒவ்வொன்றாக உடுத்திவிடத் தொடங்குவார்.

அவர் சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்தியதும் நான் போய், முன்பக்கமும் பின்பக்கமும் இருக்கிற தாவையை மட்டும் உருவிவிடுவேன். மேலே இருப்பதை விட்டுவிடுவேன். மிஷின் ஓடும், விருந்தாளிகள் சூடாகத் தூங்குவார்கள். காலையில் அக்கா தரையில் கிடக்கிற தாவையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

"ராத்திரி நல்ல காத்து போல தம்பி."

"ஆமாங்கக்கா, பலமான காத்து."

காற்று அடித்தால் உறைபனி விழாது. இலை அசையாத ராத்திரியில்தான் விழும். சுற்றிலும் புல் வெள்ளையாக நின்றுகொண்டிருக்கும், நாங்கள் இரண்டு பேரும் காற்றைத் திட்டிக்கொண்டு நிற்போம்.

இப்படியே பொங்கல் வரைக்கும் ஓட்டியிருக்கலாம். நான் தாவையை உருவினேனே தவிர, அதிலிருந்து உதிர்ந்த தூள் உள்ளே போனதை யோசிக்கவில்லை. கடைசி அறையின் பெட்டியில் அது அடியில் இருக்கிற ஓட்டையை அடைத்துக்கொண்டது. உருகின பனியும், அக்கா விடியற்காலையில் தெளித்த தண்ணீரும் வடியாமல் தேங்கின. ஒருநாள் குளிர் வழக்கத்தைவிடக் கடுமையாக இறங்கியது. தேங்கின தண்ணீர் கட்டியாக உறைந்து மேலே எழும்பி, சுற்றுகிற விசிறியில் இடித்தது. டமடமவென்று ஒரு சத்தம். விசிறி இறக்கை உடைந்துபோனது.

அந்த அறையில் ஒரு குடும்பம், கூடவே வயதான அப்பா. பெரியவரை மூன்று போர்வையில் சுற்றி என் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பெரியவருக்கு அது பிடித்துப்போய்விட்டது, எழுந்து போக மறுத்தார். மகனுக்குப் பிடிக்கவில்லை. தாவை உடுத்தின ஏசியைப் படம் எடுத்து, காட்டேஜ் பெயரோடு நெட்டில் போட்டுவிட்டார். அடியில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. முதலாளி படித்தார்.

அடுத்த நாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே அவர் கார் கேட்டில் வந்து நின்றது. பாய் அதற்குள் வந்து, விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதலாளி வெறும் செருப்போடு உறைபனிப் புல்லில் கால் வைத்து இறங்கி, நொறுக் நொறுக்கென்று நடந்து வந்தார். அக்கா மற்ற மூன்று பெட்டிகளுக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

ரூமைக் காலி பண்ணிக்குங்க என்றார் முதலாளி. சரிங்க என்றார் அக்கா, மூன்றாவது பெட்டிக்குத் தெளித்துக்கொண்டே. எப்போது என்று கேட்டார் முதலாளி. நீங்க சொல்றப்பங்க என்றார் அக்கா. இப்பவே என்றார். சரிங்க என்று வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

நாங்கள் மூவரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாய் கையில் ஸ்பேனர் அப்படியே இருந்தது. அக்கா பெட்டி படுக்கை கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். கதவு திறந்தது. கையில் ஆவி பறக்கிற டீ டம்ளரோடு வந்தார்.

"குடிங்க. காலு வெறைச்சிருக்கும்."

முதலாளியின் கை தானாக நீண்டு டம்ளரை வாங்கிக்கொண்டது. வாங்கின பிறகுதான் அவருக்கே தெரிந்தது. திட்ட வந்த இடத்தில் டீயோடு நிற்பது கஷ்டம். ஒரு வாய் குடித்தார். பிறகு படியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஏனுங்க, எனக்கு இந்த மிசினைப் பத்திக்கூடக் கவலை இல்லீங்க. நீங்க சரின்னு சொல்றீங்க பாருங்க, அதுதாங்க என்னைக் கொல்லுது. ஒரே ஒருக்கா மாட்டேன்னு சொல்லுங்க. என்னால போர்த்தாம இருக்க முடியாது, உன் பேச்சைக் கேக்க மாட்டேன்னு எம் மூஞ்சியப் பார்த்துச் சொல்லிப்போடுங்க. சொல்லிட்டீங்கன்னா நீங்க பாட்டுக்கு ரூம்ல இருந்துக்குங்க. நான் அதுக்குத் தகுந்தாப்புல ஏதாச்சும் பண்ணிக்கறனுங்க."

அக்கா அவரையே பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். இரண்டு உதடும் ஒட்டி நின்றன, 'மா' என்று தொடங்கப் போகிற மாதிரி. அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அந்த வயதில், அந்தக் குளிரில், நெற்றி வியர்த்தது. சொல்லிவிடுங்கக்கா என்று நான் மனசுக்குள் கத்தினேன். தானும் மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பாய் பிறகு சொன்னார். ஒரு வார்த்தை, சொன்னால் ரூம்.

"சரிங்க" என்றார் அக்கா.

பாய்க்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, இருமுவது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி டம்ளரைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து நான் ஒரு எட்டு வைத்தேன். கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இருந்து தொலைங்க" என்றார் கடைசியில். பிறகு ஊர் மரியாதை ஞாபகம் வந்து, "இருந்துக்குங்க" என்று திருத்தினார்.

போவதற்கு முன்பு பாயைத் தனியாக அழைத்துப்போய், நாலு பெட்டிகளையும் தரையிலிருந்து எடுத்து, சுவரில் கூரைக்குக் கீழே, மனுஷக் கை எட்டாத உயரத்தில் மாட்டச் சொன்னார். பாய்க்கும் அது சரியாகப் பட்டது. உறைபனி தரையோடுதான் அதிகம், மேலே அவ்வளவு தாக்காது, தூசி தழையும் சேராது என்றார். முதல் நாளே அப்படி மாட்டியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, சுவரில் மாட்டுகிற இரும்புச் சட்டத்துக்குச் செலவு எதற்கு என்று உங்கள் முதலாளிதான் கீழே வைக்கச் சொன்னார் என்றார்.

இரண்டு நாள் வேலை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், பாய் சுவரில் ஓட்டை போட்டார். அக்கா இரண்டு நாளும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு ஆணியையும் விடவில்லை. பாய் ஏணியில் இருந்தபடியே, இனிமேல் இதற்கு நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம், உங்களுக்கு ஒரு வேலை மிச்சம் என்று சொன்னார். என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசிப் பெட்டியும் மேலே ஏறி, பாய் ஸ்கூட்டரில் கிளம்பின சாயந்தரம், காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஏணிய எங்க வச்சிருக்கீங்க?"

பக்கத்துக் காட்டேஜ்காரர்கள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றேன். அதை நான்தான் கார் ஷெட்டுக்குப் பின்னால், பழைய கட்டில்களுக்கு அடியில் படுக்க வைத்துப் படுதா போட்டு மூடியிருந்தேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார். கோட்டுக்கு மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராகக் கார் ஷெட் பக்கம் நடந்தார்.